குடல் புண் நோயும் நாட்டு மருந்தும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். குடல் நோய் கிளினிக்கில் பல வருடங்கள் தாதியாக வேலை செய்திருக்கிறேன். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், குரோன்ஸ் என்ற இரண்டு நோய்களைப் பற்றித்தான் கேள்விகள் கூடுதலாக வந்திருக்கின்றன. முதலாவது பெருங்குடலின் உள்பக்கத்தைப் புண்ணாக்கும். இரண்டாவது வாய் முதல் ஆசனவாய் வரை எந்த இடத்திலும் வரலாம். இரண்டும் வருடக்கணக்கில் அடங்கியும் கிளம்பியும் வருகிறவை.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தம்பி: அக்கா, எனக்குக் கொலைட்டிஸ். மெசலசின் குடித்து ஆறு மாதமாக இரத்தம் போகவில்லை. இனி மாத்திரையை விட்டுவிட்டு மஞ்சள் போட்ட பால் மட்டும் குடிக்கலாமா?

தம்பி, மஞ்சள்மேல் நீங்கள் வைத்த நம்பிக்கைக்கு ஆதாரம் இருக்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற சத்தை வைத்து ஜப்பானில் செய்த ஓர் ஆய்வு 2006இல் வெளிவந்தது. நோய் அடங்கியிருந்தவர்களுக்குத் தினமும் 2 கிராம் குர்குமின், ஆறு மாதம் கொடுத்தார்கள். அதை எடுத்தவர்களில் நோய் திரும்ப வந்தவர்கள் குறைவு. ஆனால் அவர்களில் யாரும் மாத்திரையை நிறுத்தவில்லை. மெசலசின் அல்லது சல்பசலசினோடு சேர்த்துத்தான் எடுத்தார்கள்.

அளவையும் பாருங்கள். சமையல் மஞ்சளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும். 2 கிராம் கிடைக்க வேண்டுமென்றால் தினமும் 60 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் சாப்பிட வேண்டும். பாலில் ஒரு தேக்கரண்டி போட்டுக் குடிப்பது உடம்புக்கு இதம், அவ்வளவுதான். பால் ஒத்துக்கொண்டால் தாராளமாகக் குடியுங்கள். குர்குமின் மாத்திரையே வாங்குவதாக இருந்தால் டொக்டரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள். பித்தப்பைக் கல் உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க வாபரின் எடுப்பவர்களும் கேட்காமல் தொடவே கூடாது.

இரத்தம் நின்றதற்குக் காரணம் அந்த மெசலசின்தான். வெளியே ஒன்றும் தெரியாத நேரத்திலும் உள்ளே புண் இருக்கலாம். நன்றாக இருக்கிறோம் என்று மாத்திரையை விட்டவர்கள் திரும்ப இரத்தத்தோடு வார்டுக்கு வந்ததைப் பார்த்து எத்தனையோ தடவை மனம் நொந்திருக்கிறேன். தயவுசெய்து விடாதீர்கள்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தங்கச்சி: மூன்று மாதமாக வயிற்றால் போகிறது, சளியும் இரத்தமும் சேர்ந்து வருகிறது. லயத்தில் எல்லோரும் மூலம் என்கிறார்கள். துத்திக் கீரை சாப்பிடுகிறேன். மலையில் கொழுந்து எடுக்கும்போது அவசரமாக வந்தால் ஒதுங்க இடமில்லை அக்கா.

தங்கச்சி, இதை மூலம் என்று முடிவு கட்டாதீர்கள். மூலத்தில் பெரும்பாலும் இறுகிய மலத்துக்குப் பிறகு சிவந்த இரத்தம் சொட்டும். சளியோடு தளர்ந்து போவது, இராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுவது, உடம்பு மெலிவது எல்லாம் வேறு கதை. கொலைட்டிஸாக இருக்கலாம், அமீபா சீதபேதியாக இருக்கலாம், குடலில் காசநோயாகவும் இருக்கலாம். காசநோயும் குரோன்ஸும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். காசநோய் உள்ளவருக்கு அது தெரியாமல், உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீரொயிட் மருந்தைக் கொடுத்தால் நோய் முற்றிவிடும். எந்த நோய் என்று தெரியும்வரை கீரை, கசாயம் எதுவும் நாளைக் கடத்துவதுதான். தோட்ட டிஸ்பென்சரியில் துண்டு வாங்கிக்கொண்டு இந்த வாரமே அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே பரிசோதனைக்கும் வைத்தியத்துக்கும் காசு கேட்கமாட்டார்கள்.

இரத்தச் சோகையையும் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஆட்கள் சோற்றோடும் ரொட்டியோடும் சாயத் தேத்தண்ணீர் குடிப்பது, சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேராமல் தடுக்கும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். நோய் உறுதியானதும் டொக்டரிடம் கடிதம் வாங்கி, மலசலகூடம் பக்கத்தில் உள்ள வேலை கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பண்டாரவளையிலிருந்து ஓர் அம்மா: சாப்பாட்டாலேயே இதைக் குணமாக்க முடியாதா?

ஓர் இடத்தில் சாப்பாடு மருந்தாகவே வேலை செய்கிறது. குரோன்ஸ் வந்த பிள்ளைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வேறு எதுவும் கொடுக்காமல், அதற்கென்று தயாரித்த சத்துப்பானம் மட்டும் கொடுத்தால் புண் ஆறுகிறது. பல நாடுகளில் பிள்ளைகளுக்கு ஸ்டீரொயிட்டுக்கு முன் இதைத்தான் கொடுக்கிறார்கள். டொக்டரும் உணவு ஆலோசகரும் அளவு சொல்லிக் கொடுக்கிற பானம் அது. கஞ்சி அதற்கு ஈடாகாது.

மற்றவர்களுக்கு, நோய் கிளம்பிய நாட்களில் குழைந்த சோறு, தோல் சீவி அவித்த கரட், உருளைக்கிழங்கு, பூசணி, முட்டை, மீன் நல்லது. பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் தயிர். லீக்ஸ், கோவா (முட்டைக்கோஸ்), பருப்பு காற்றைக் கூட்டும், அந்த நாட்களில் தள்ளிவையுங்கள். கொச்சிக்காய் நோயை உண்டாக்குவதில்லை, எரிச்சலைக் கூட்டலாம். நோய் அடங்கியதும் மரக்கறிகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். பயத்தில் சோறும் சொதியுமாகவே வருடக்கணக்கில் இருந்து எலும்பும் தோலுமானவர்கள் உண்டு. குரோன்ஸில் குடல் ஒடுங்கியிருப்பதாகச் சொன்னால் மட்டும் கீரைத்தண்டு, பலாக்காய் மாதிரி நாருள்ளவற்றைத் தவிருங்கள்.

பதுளையிலிருந்து: கற்றாழை, பெலி மல், விளக்கெண்ணெய்?

பெலி மல், அதாவது வில்வப் பூ, ஊறிய தண்ணீர் குடிக்கலாம், மருந்தாக எண்ண வேண்டாம். கற்றாழையின் தோலுக்கு அடியில் வரும் மஞ்சள் நிறச் சாறு பேதியாக்கும். வயிற்றைச் சுத்தம் செய்கிறோம் என்று விளக்கெண்ணெயோ நிலாவிரையோ புண்ணான குடலுக்குக் கொடுக்கவே கூடாது. பஸ்பம், செந்தூரம் சிலவற்றில் பாதரசமும் ஈயமும் இருக்கும் என்பதால் அவையும் வேண்டாம்.

நானுஓயாவிலிருந்து: முதுகு வலிக்கு டிக்ளோபினாக் போடலாமா?

வேண்டாம் அண்ணே. டிக்ளோபினாக், இபுபுரூபன் இரண்டும் நோயைக் கிளப்பிவிடலாம். பரசிட்டமோல் போதும்.

கொட்டகலையிலிருந்து: எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

ஒரு நாளைக்கு ஆறு தடவை அல்லது அதற்கு மேல் இரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சலோ நிமிடத்துக்கு 90க்கு மேல் நாடித்துடிப்போ இருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். வயிறு உப்பிக் கடுமையாக வலித்தாலும் அப்படித்தான். போகிற வழியில் ஜீவனி (உப்பும் சர்க்கரையும் கலந்த பக்கெட் தூள்) கரைத்து ஒவ்வொரு மிடறாகக் குடியுங்கள். மாத்திரைப் பையோடு, குடித்து வந்த கசாயப் போத்தலையும் எடுத்துப் போய் டொக்டரிடம் காட்டுங்கள். ஏசுவார்கள் என்று மறைக்காதீர்கள், மருந்தின் அளவை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.