வாகனச் சோதனையில் போலீஸ் கை நீட்டினால், பக்கத்தில் நிற்பவர் என்ன செய்யலாம்?

கேள்வி: ஹெல்மெட் போடாமல் பைக்கில் வந்த ஒரு பையனை வாகனச் சோதனையில் நிறுத்தினார்கள். எஸ்.ஐ. சாவியைப் பிடுங்கிக்கொண்டு கன்னத்தில் ஓங்கி அறைந்தார். கூட்டம் கூடிவிட்டது, மறியல் செய்யலாம் என்று சிலர் கிளம்பினார்கள். நான் செல்போனில் எடுத்த வீடியோவை அழிக்கச் சொன்னதும் பயந்து அழித்துவிட்டேன். பையனுக்கு இனி எப்படி உதவுவது? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: முதலில் போனை எடுங்கள். கேலரியில் அழித்த வீடியோ பெரும்பாலான போன்களில் ‘ட்ராஷ்’ அல்லது ‘ரீசன்ட்லி டெலிட்டட்’ பகுதியில் சுமார் 30 நாள் கிடக்கும். அங்கே இருந்தால் மீட்டு, அந்த மூலக் கோப்பைக் கம்ப்யூட்டரிலோ பென் டிரைவிலோ ஒரு பிரதி போட்டுவையுங்கள். வெட்டுவது, பாட்டுச் சேர்ப்பது, எழுத்து ஓட்டுவது எதுவும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் வீடியோ சுருங்கிவிடும், எடுத்த நேரம் போன்ற விவரங்களும் போய்விடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். நீதிமன்றத்துக்குப் போனால் சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-வது பிரிவின்படி சான்றிதழ் கேட்பார்கள். அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை மாதிரியான எண்) வரும் என்பதால், எடுத்த போனையும் விற்றுவிடாதீர்கள்.

பொது இடத்தில் பணியில் இருக்கும் போலீசாரை வீடியோ எடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அழிக்கச் சொல்லவும் அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. வழக்குக்குத் தேவை என்றால் போனைக் கைப்பற்றலாம். அதற்குப் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும், அந்தக் கைப்பற்றலையே வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 105-வது பிரிவு.

சிக்கல் வருவது வேறு இடத்தில். எடுப்பவர் நெருங்கிப் போய் நடுவில் நின்றால் ‘அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தார்’ என்று குற்றங்களுக்கான சட்டமான பி.என்.எஸ். 221-வது பிரிவில் வழக்குப் போடுவார்கள். சட்டையைப் பிடித்தாலோ தள்ளினாலோ 132-வது பிரிவு. ஜாமீனில் விட முடியாத குற்றம், 2 ஆண்டு வரை சிறை. பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று, பெயர்ப் பட்டை, ரோந்து வண்டி எண், பின்னால் உள்ள கடை போர்டு மூன்றும் விழுகிற மாதிரி எடுத்தால் போதும். நீங்கள் கத்துவதும் பதிவாகும் என்பதை மறக்க வேண்டாம். இன்னொரு சின்ன வேலை: அங்கிருந்தே 112-க்கு போன் போடுங்கள். புகார் போலீஸ் மீதுதான் என்றாலும் அழைத்த நேரம் பதிவாகிவிடும். 

மறியல்? பலனே இல்லை என்று சொல்ல முடியாது. 2018 மார்ச்சில் திருச்சி துவாக்குடி அருகே ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன தம்பதியைத் துரத்திய ஆய்வாளர் பைக்கை எட்டி உதைத்ததாகவும், கீழே விழுந்த பெண் இறந்ததாகவும் தெரிந்ததும் ஆயிரக்கணக்கானோர் நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஆய்வாளர் கைதானார். ஆனால் தடியடியும் நடந்தது, கல்லெறிந்ததாகப் பொதுமக்கள் மீதும் வழக்குப் பாய்ந்தது. 2021 ஜூனில் சேலம் மாவட்டம் பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடியில் சிறப்பு எஸ்.ஐ. லத்தியால் அடித்த ஒருவர் மறுநாள் இறந்தார். அங்கே செல்போன் வீடியோ வெளிவந்தது, சிறப்பு எஸ்.ஐ. கொலை வழக்கில் கைது செய்யப்பட்டார். கூட்டம் கலைந்துவிடும். வீடியோ அடுத்த நாளும் இருக்கும்.

இனி பையனுக்கு. அன்றைக்கே அரசு மருத்துவமனை போக வேண்டும். தனியார் கிளினிக்கில் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் பெரும்பாலான புகார்கள் நொண்டுவதற்குக் காரணம். டாக்டர் ‘எப்படி அடிபட்டது?’ என்று கேட்கும்போது பயத்தில் ‘விழுந்துட்டேன்’ என்று சொன்னால் அதுவே ஏ.ஆர். புத்தகத்தில் (காயங்களைக் குறித்துவைக்கும் மருத்துவமனைப் பதிவேடு) ஏறும், வழக்கு அங்கேயே முடிந்தது. எந்த இடம், எத்தனை மணி, யார், கையாலா லத்தியாலா என்று சொல்லி எழுத வைத்து, ஏ.ஆர். காப்பி கேட்டு வாங்குங்கள். கன்னத்தில் அறை என்றால் காது டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். செவிப்பறை கிழிந்திருந்தாலும் முதல் நாள் வலி மட்டும்தான் தெரியலாம். கன்றிப்போன இடத்தைப் போட்டோ எடுங்கள், மூன்றாம் நாளும் எடுங்கள். நிறம் மாறுவது காயம் எப்போது பட்டது என்பதைத் தோராயமாகக் காட்டலாம்.

புகார் எழுதுவதில் ஒரு நுணுக்கம். கையால் அடித்த சாதாரணக் காயம் பி.என்.எஸ். 115(2), மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்கக் கூடிய குற்றம் அல்ல. ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடாமல் சி.எஸ்.ஆர். (புகார் வாங்கியதற்கான) ரசீதோடு அனுப்பிவிடுவது இதை வைத்துத்தான். ஆனால் பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது 296, அதற்கு எஃப்.ஐ.ஆர். போடலாம், அதோடு சேர்ந்து அடித்ததும் விசாரணைக்குள் வந்துவிடும். ‘கெட்ட வார்த்தையில் திட்டினார்’ என்று எழுதினால் நிற்காது. கூச்சப்படாமல் சொன்ன வார்த்தையை அப்படியே எழுத வேண்டும்.

ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்கு (மாநகரம் என்றால் கமிஷனருக்கு) ஸ்பீடு போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள், பி.என்.எஸ்.எஸ். 173(4) என்று குறிப்பிட்டு. அதற்கும் அசைவில்லை என்றால் 175-ன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாணப் பத்திரத்துடன் மனு. புகார் அரசு ஊழியர் மீது என்பதால் மேலதிகாரியின் அறிக்கையைக் கேட்ட பிறகே உத்தரவு வரும். ஆகவே தாமதம் ஆகும். இதோடு மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் ஒரு பிரதி அனுப்பலாம்: கட்டணம் இல்லை, தமிழில் எழுதலாம், பாதிக்கப்பட்டவருக்காக வேறொருவரும் கொடுக்கலாம். சம்பவம் நடந்து 1 ஆண்டுக்குள் போக வேண்டும். சம்பவத்தை நேரில் பார்த்த இருவரின் பெயரும் போன் நம்பரும் கையில் இருக்கட்டும். எதிரே கடை இருந்தால் சிசிடிவி பதிவை இந்த வாரமே கேளுங்கள்; சில வாரங்களில் அதன்மேல் புதுப் பதிவு ஏறிவிடும்.

ஹெல்மெட் இல்லாதது தப்புதான். மோட்டார் வாகனச் சட்டம் 194டி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம், இ-சலான் வந்தால் கட்டிவிடுங்கள். அபராதம் கட்டியதால் அடித்த புகார் பலவீனமாகாது. சாவியைப் பிடுங்க மோட்டார் வாகனச் சட்டத்தில் தனிப் பிரிவு இல்லை. லைசென்ஸை வாங்கி வைத்தால் 206-ன்படி தற்காலிக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். தராவிட்டால் அதையும் புகாரில் ஒரு வரி சேருங்கள்.