தொலைநோக்கி ஆடிக்குக் கண்ணாடிதான் வேண்டுமா, கிரானைட்டோ அலுமினியமோ ஆகாதா?

6 அங்குல நியூட்டன் தொலைநோக்கி (குழி ஆடியால் ஒளியைக் குவிப்பது) செய்ய, நெல்லைப் பக்கம் எளிதில் கிடைக்கும் கிரானைட், அலுமினியம், அக்ரிலிக் உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் செய்யும் முதல் ஆடிக்குச் சாதாரணக் கண்ணாடியே எடுங்கள்.

ஒளியைத் திருப்புவது மேலே பூசும் அலுமினியப் படலம். அடியில் உள்ள பொருளின் வேலை, தீட்டிய வளைவைச் சுமார் 70 நானோமீட்டருக்குள் பிசகாமல் தாங்குவது. கிரானைட்டில் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா மூன்றும் வெவ்வேறு கடினம். மெத்தென்றது முதலில் தேய்ந்து மேடு பள்ளமாகிவிடும். சமையல் மேடையின் பளபளப்பு இங்கே உதவாது. அக்ரிலிக்கோ சூட்டில் கண்ணாடியைப் போல 8 மடங்கு விரியும், எளிதில் வளையும். அலுமினியம் சீக்கிரம் ஆறும், ஆனால் நேரடியாகப் பாலிஷ் ஏறாது; நிக்கல் பூசினால் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து வளைவைக் கெடுக்கும்.

உலோக ஆடி நமக்குப் புதிதல்ல. கேரளத்தின் ஆரன்முளா கண்ணாடி என்னும் உலோக ஆடியை வார்ப்பவர்களின் முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவர்கள் என்பது அங்குள்ள வழக்கு. நியூட்டன் 1668இல் செய்த ஆடியும் செம்பும் வெள்ளீயமும் கலந்ததுதான். ஆனால் அந்த வகை உலோகம் ஒளியில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் திருப்பும். மங்கினால் மறுபடி பாலிஷ் போடவேண்டும், வளைவும் போய்விடும்.

கண்ணாடிக் கடையில் 19 மி.மீ. தடிமனில் 'டஃபன் செய்யாதது' (சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து உறுதியாக்காதது) என்று அழுத்திக் கேளுங்கள். டஃபன் செய்தது தேய்க்கும்போது நொறுங்கிச் சிதறும். சோதிக்க எளிய வழி: லேப்டாப்பில் வெள்ளைத் திரை வையுங்கள். போலராய்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே, திரை இருளும்வரை கூலிங் கிளாஸைத் திருப்புங்கள். நடுவே கண்ணாடி வட்டைப் பிடித்தால் வெளிச்சத் திட்டுகள் தெரிகிறதா? வாங்காதீர்கள்.

எஃப்/8 (குவியத் தூரம் ஆடியின் விட்டத்தைப் போல 8 மடங்கு) என்றால் நடுக்குழி 1.19 மி.மீ. தோண்டினால் போதும். அந்த அளவில் கோள வளைவே ஏறக்குறைய மேலே சொன்ன வரம்புக்குள் வந்துவிடும், ஆடிக்கு முறையாக வேண்டிய பரவளைய வடிவுக்கு மாற்றும் பாடு மிச்சம்.

நம்மூரில் ஆளைச் சோதிப்பது பிட்ச்தான்; பாலிஷ் போடும் வட்டின் மேல் உருக்கி ஊற்றும் தார் போன்ற பொருள் அது. கத்திரி வெயிலில் அது இளகி, வெட்டிய வாய்க்கால்கள் மூடிக்கொள்ளும், ஆடியின் விளிம்பு சரியும். உருக்கும்போதே, அதைக் கெட்டியாக்கும் ரோசினை (பைன் மரப் பிசின்) கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ஒரு சொட்டை அறைச் சூட்டுத் தண்ணீரில் ஆறவிட்டு நகத்தால் அழுத்துங்கள்: மெல்ல லேசான தடம் விழவேண்டும். நொறுங்கினால் ரோசின் கூடிவிட்டது.

பாலிஷ் முடித்ததும் கத்திமுனைச் சோதனைக்கு (ஆடி குவிக்கும் ஒளியைக் கத்தி விளிம்பால் மறைத்து வளைவின் பிசகைப் பார்ப்பது) உட்காராதீர்கள். ஆடியில் விரலைச் சில வினாடி வைத்து எடுத்தாலே அந்த இடம் குன்றுபோல் எழும்பித் தெரியும், அடங்கச் சில நிமிடம் பிடிக்கும். அவ்வளவு நேரம் தேய்த்த சூடு ஆற ஒரு மணி நேரமாவது விடுங்கள்.