சாவி வரவில்லை, வட்டி மட்டும் போகிறது: வங்கிக்குக் கட்டுவதை நிறுத்தலாமா?

கேள்வி: பெரும்பாக்கத்தில் 58 லட்ச ரூபாய்க்கு ஃப்ளாட் புக் செய்தோம். 2021 செப்டம்பரில் வீட்டுக்கடன் வாங்கினோம். 2024 ஜூனில் சாவி தருவதாக ஒப்பந்தம். ஆறு மாதக் கூடுதல் அவகாசமும் அதில் உண்டு. 2024 மார்ச்சுக்குள் 52 லட்சம் போய்விட்டது. எங்கள் கைப்பணம் 16, வங்கி கொடுத்தது 36. ஜூன் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. மாதம் 25,500 ரூபாய் வட்டி, அதோடு வேளச்சேரியில் 16,000 வாடகை. புதிய தேதிக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டு, மீதி 6 லட்சத்தையும் கொடுத்தால் வேலையை முடுக்கிவிடுவதாக பில்டர் சொல்கிறார். என் கணவரோ வங்கிக்குக் கட்டுவதையே நிறுத்திவிடலாம் என்கிறார். என்ன செய்வது? (வாசகி, சென்னை)

பதில்: இரண்டுமே வேண்டாம், சகோதரி. முதலில் வங்கி. கடன் உங்களுக்கும் வங்கிக்கும் இடையிலான கணக்கு. பில்டர் தாமதித்தார் என்ற காரணம் அங்கே எடுபடாது. மூன்று மாதம் கட்டாமல் விட்டால் வாராக்கடன், சிபில் மதிப்பெண்ணும் போய்விடும். தப்பு செய்தவர் அவர், தண்டனை உங்களுக்கு என்றாகிவிடும்.

அடுத்தது அந்தச் சம்மதக் கடிதம். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். சென்ற வருடம் என்னைப் பார்க்க வந்த ஒருவர் இப்படித்தான் அரைப் பக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். 'முந்தைய தாமதத்துக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி கடைசியில் பொடி எழுத்தில் இருந்தது. படித்துக் காட்டியபோதுதான் அவருக்கே தெரிந்தது. அந்த ஒரு வரி எவ்வளவு பெறும் என்று பாருங்கள்.

2016-ம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 18-வது பிரிவுப்படி, சொன்ன தேதியில் வீடு தராவிட்டால் நீங்கள் விலகிக்கொண்டு கட்டிய பணத்தை வட்டியோடு கேட்கலாம். விலகாமல் இருந்தால், சாவி தரும்வரை ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் வட்டி கேட்கலாம். தமிழ்நாட்டு விதிப்படி அது ஸ்டேட் வங்கியின் எம்சிஎல்ஆர் (கடன் வட்டிக்கு வங்கி வைத்திருக்கும் அடிப்படை) விகிதத்தோடு 2 சதவீதம் சேர்த்தது. கணக்குக்காக 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 52 லட்சத்துக்கு மாதம் 45,500 ரூபாய். நீங்கள் கட்டும் வட்டி, வாடகை இரண்டும் சேர்த்தே 41,500தான்! அவகாசத்தைக் கழித்து 2025 ஜனவரியிலிருந்து எண்ணினாலும் ஒரு வருடத்துக்கு 5,46,000 ரூபாய். அவர் உங்களிடம் கேட்கும் 6 லட்சத்துக்குக் கிட்டத்தட்ட சரியாகிவிடுகிறது. அந்த 6 லட்சம்தான் இப்போது உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி. ஒப்பந்தத்தில் எந்தக் கட்ட வேலைக்கு எந்தத் தவணை என்று இருக்கிறதோ, அது முடியாமல் ஒரு ரூபாயும் விடாதீர்கள். வங்கி பணத்தை விடுவிக்கவும் உங்கள் கையெழுத்து கேட்பார்கள். அங்கேயும் அதே கவனம் வேண்டும்.

ஆள் கிடைக்கவில்லை, மணல் விலை ஏறிவிட்டது என்பார்கள். போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம் போன்றவற்றைத்தான் சட்டம் தவிர்க்க முடியாத காரணமாக ஏற்கிறது. ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பில்டர் திட்டத்தின் தேதியை நீட்டித்திருந்தாலும் உங்கள் ஒப்பந்தத் தேதி மாறாது.

சரி, இருப்பதா விலகுவதா? ஒரு வேலை நாளில், சொல்லாமல் கொள்ளாமல் சைட்டுக்குப் போய்ப் பாருங்கள். லிஃப்ட் குழியில் மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு மொய்க்கிறதா, இல்லை, லிஃப்ட் ஓடுவதற்கான ரெயில் இறக்கியிருக்கிறார்களா? டிரான்ஸ்ஃபார்மருக்கு மேடை கட்டியாயிற்றா? எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? பூச்சு, வயரிங் நடந்துகொண்டிருந்தால், இருந்துகொண்டே மாத வட்டி கேளுங்கள். சைட்டில் வாட்ச்மேன் மட்டும்தான் என்றால் விலகுவதை யோசிக்க வேண்டும். பணத்தைத் திரும்பக் கேட்பது நிபந்தனையற்ற உரிமை என்று 2021-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் உத்தரவு வாங்குவது வேறு, பணம் கைக்கு வருவது வேறு. வருவாய்த் துறை மூலம் வசூலிக்கும் நிலை வந்தால் காலம் பிடிக்கும். யூடிஎஸ் நிலம் (அடுக்குமாடி நிலத்தில் உங்களுக்கு உள்ள பிரிக்கப்படாத பங்கு) உங்கள் பெயரில் பத்திரமாகியிருந்தால் அதைத் திருப்பி எழுதிக் கொடுக்கும் வேலையும் செலவும் வேறு.

இன்னொன்று, வருமான வரி. கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் கட்டி முடிக்காவிட்டால், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு வட்டிக் கழிவு வருடம் 2 லட்சத்திலிருந்து 30,000 ஆகிவிடும். உங்களுக்கு அந்தக் கெடு 2027 மார்ச் 31. பில்டருக்கு அனுப்பும் கடிதத்தில் இதையும் எழுதுங்கள்.

இந்த வாரமே பில்டருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள்: ஒப்பந்தத் தேதி, கட்டிய தொகை, கேட்கும் வட்டி, சாவி தரும் தேதி. முப்பது நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரெராவில் படிவம் எம் மூலம் புகார் கொடுங்கள். அதே திட்டத்தில் வீடு வாங்கிய மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டால் நல்லது. அப்புறம், சிஎம்டிஏவின் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) பணி நிறைவுச் சான்றிதழைப் பார்க்காமல் சாவியை வாங்க வேண்டாம்; அது இல்லாமல் பெரிய அடுக்குமாடிக்கு நிரந்தர மின் இணைப்பு கிடைக்காது.