டீச்சரிடம் கேளுங்கள்: பின்டர் படித்த பள்ளி

போன இதழில் நாடகாசிரியர் ஹரால்ட் பின்டரைப் பற்றி எழுதியபோது, லண்டனில் அவர் படித்த ஹாக்னி டவுன்ஸ் பள்ளி 1995-ல் மூடப்பட்டது என்று போகிறபோக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். பின்டரை விட்டுவிட்டு எல்லோரும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டீர்கள். சரி, இந்த முறை அதுவே.

கே: நோபல் பரிசு வாங்கியவர் படித்த பள்ளியையா மூடினார்கள்? என்ன ஆயிற்று, டீச்சர்?
– வாசகர், பாளையங்கோட்டை

ப: அவருக்கு நோபல் கிடைத்தது 2005-ல். பள்ளி அதற்குப் பத்து வருஷம் முன்பே போய்விட்டது.

1876-ல் அதைத் தொடங்கியது லண்டனின் மளிகை வணிகர் சங்கம். இடைக்காலத்தில் மிளகு வியாபாரிகளின் கூட்டமாக இருந்து வளர்ந்த சங்கம் அது. மலபார் மிளகில் சேர்ந்த காசில் நமக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1906-ல் பள்ளி லண்டன் மாநகர சபையின் கைக்குப் போனது. பிறகு பல காலம் அது தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் ஆண்கள் ‘கிராமர்’ பள்ளி.

கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பங்கள், கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஈஸ்ட் எண்ட் என்ற கிழக்கு லண்டனின் ஏழைப் பகுதியின் நெருக்கடியிலிருந்து ஹாக்னி என்ற பேட்டைக்கு நகர்ந்தன. அவர்களுடைய பையன்கள்தான் இந்தப் பள்ளியை நிறைத்தார்கள். பின்டரின் அப்பா தையல்காரர். 1944-ல் சேர்ந்த பின்டருக்கு ஜோசப் ப்ரியர்லி என்ற ஆங்கில ஆசிரியர் வாய்த்தார். பள்ளி நாடகத்தில் அவரை மக்பெத்தாகவும் ரோமியோவாகவும் நடிக்கவைத்தார். பேட்டைத் தெருக்களில் கூடவே நடந்து கவிதைகளை உரக்கச் சொல்லவைத்தார். அந்த ஆசிரியர் இறந்த பிறகு பின்டர் அவருக்காக ஒரு கவிதையே எழுதினார். எனக்கு நோபலைவிட அந்தக் கவிதை பெரிது. ஆசிரியர் புத்தி, வேறென்ன!

1963-ல் தீப்பிடித்து விக்டோரியா காலத்துக் கட்டடம் போயிற்று. 1969-ல் பள்ளி ‘காம்ப்ரிஹென்சிவ்’ ஆனது. உண்மையான கதை அங்கேதான் தொடங்குகிறது. அதற்கு முன் இன்னொரு கடிதம்.

கே: காம்ப்ரிஹென்சிவ் பள்ளி என்றால் நம் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளி மாதிரியா?
– வாசகி, கும்பகோணம்

ப: கிட்டத்தட்ட. அதற்கு முன் அங்கே பதினொரு வயதில் ஒரு தேர்வு வைப்பார்கள். தேறினால் கிராமர் பள்ளி, இல்லாவிட்டால் பெரும்பாலும் ‘செகண்டரி மாடர்ன்’ என்ற சாதாரணப் பள்ளி. பதினொரு வயதுப் பிள்ளையின் தலையெழுத்தை ஒரு காலைப்பொழுதில் எழுதிவிடுவதா என்ற கேள்வி எழுந்தது. தென்கிழக்கு லண்டனில் கிட்புரூக் என்ற பெண்கள் பள்ளி 1954-லேயே தேர்வில்லாமல் எல்லோரையும் சேர்க்கத் தொடங்கியிருந்தது. 1965-ல் அரசே எல்லா ஊர்களையும் அந்த வழிக்கு வரச் சொன்னது.

‘எல்லோரும் வரலாம்’ என்பது கொள்கை. எல்லோரும் வந்தார்களா என்பது வேறு விஷயம். வழியிருந்த பெற்றோர் வேறு பேட்டைக்குப் பிள்ளைகளை அனுப்பினார்கள், அல்லது தேவாலயப் பள்ளிகளில் சேர்த்தார்கள். ஹாக்னி டவுன்ஸில் கடைசியில் மிஞ்சியது ஏறக்குறைய இருநூறு பையன்கள். பெரும்பாலோர் வீட்டில் பேசியது ஆங்கிலம் அல்ல. வேறு பள்ளிகள் வெளியேற்றிய பையன்களும் அங்கே வந்து சேர்ந்தார்கள். தலைமையாசிரியர்கள் அடிக்கடி மாறினார்கள். அதுவரை பள்ளியை நடத்திவந்த உள்லண்டன் கல்வி ஆணையம் 1990-ல் கலைக்கப்பட்டது. அதன் பிறகு பள்ளி வந்து விழுந்தது, அனுபவமே இல்லாத ஹாக்னி பேட்டை நிர்வாகத்தின் தலையில்.

1994-ல் ஆய்வாளர்கள் பள்ளி தோற்றுவிட்டது என்றார்கள். பேட்டை நிர்வாகம் முதலில் மூடலாம் என்றது, அப்புறம் வேண்டாம் என்றது. 1995 ஜூலையில் கல்வி அமைச்சர் கில்லியன் ஷெப்பர்ட் தனி நிர்வாகக் குழு ஒன்றை அனுப்பினார். அப்படி ஒரு குழு போனது அதுதான் முதல்முறை. ‘பிரிட்டனின் மிக மோசமான பள்ளி’ என்று பத்திரிகைகள் எழுதின. அந்த வாக்கியத்தைத் தினமும் தாண்டி வகுப்புக்குப் போன பையன்களை நினைத்துப் பாருங்கள். குழுவும் மூடச் சொன்னது. பெற்றோர் நீதிமன்றம் போய்த் தோற்றார்கள். டிசம்பர் கடைசியில், கல்வியாண்டின் நடுவில், பொதுத்தேர்வு எழுதவேண்டிய பையன்கள் உட்பட எல்லோரையும் ஹோமர்டன் ஹவுஸ் பள்ளிக்கு மாற்றினார்கள். அந்தப் பள்ளியும் பிற்காலத்தில் மூடப்பட்டது என்பது தனிச் சோகம்.

கே: அதே இடத்தில் வந்த மாஸ்போர்ன் பள்ளி பிரமாதமாக நடக்கிறதே. அப்படியானால் தவறு பழைய ஆசிரியர்கள் மேல்தானே?
– வாசகர், கோயம்புத்தூர்

ப: பாதி உண்மை. 2004-ல் தொடங்கிய மாஸ்போர்னின் முதல் முதல்வர் மைக்கேல் வில்ஷா சாதித்தது பெரிய காரியம். கடும் ஒழுங்கு, சீருடை, பள்ளி நேரம் முடிந்தும் படிப்பு. ஒவ்வொரு பாடமும் தொடங்குமுன், அமைதியாக, காதுகொடுத்துக் கேட்பேன் என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள். முதல் தொகுதி பொதுத்தேர்வு எழுதியபோது பத்தில் எட்டுப் பேருக்கு மேல் நல்ல மதிப்பெண். பலர் ஏழைவீட்டுப் பிள்ளைகள்தான். 2012-ல் வில்ஷா நாட்டின் தலைமைப் பள்ளி ஆய்வாளரே ஆகிவிட்டார்.

ஆனால் கணக்கு டீச்சர் ஒன்றைக் கேட்டே தீருவேன்: இரண்டு பக்கமும் சமமா? புதிய பள்ளிக்கு ரிச்சர்ட் ரோஜர்ஸ் நிறுவனம் வடிவமைத்த புத்தம்புதுக் கட்டடம். கொடை தந்தவர் ஹாக்னிக்காரரான கிளைவ் போர்ன் என்ற தொழிலதிபர். பெண்பிள்ளைகளும் உண்டு. முதல் வருஷம் ஏழாம் வகுப்பு மட்டும், பிறகு வருஷத்துக்கு ஒரு வகுப்பாக வளர்ந்தது. விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்து, திறமையின் நான்கு படிகளிலிருந்தும் கலந்து சேர்த்தார்கள். பழைய ஆசிரியர்களின் கையில் இருந்தது அடிப்பிடித்த பாத்திரம். அதே அடுப்பில் புதுப் பாத்திரம் ஏற்றியவரோடு அவர்களை எப்படி ஒப்பிடுவது? சிலர் திறமையில்லாதவர்களாகவும் இருந்திருப்பார்கள், மறுக்கவில்லை. அந்தக் கடைசி இருநூறு பையன்களை மாஸ்போர்னிடம் கொடுத்துப் பார்த்திருந்தால் எனக்குப் பதில் கிடைத்திருக்கும்.

கே: இவ்வளவு பரிவு ஏன்? நீங்கள் அங்கே வேலை பார்த்தீர்களா?
– வாசகி, மதுரை

ப: இல்லை. கிழக்கு லண்டனில் வேறொரு பள்ளி. பிப்ரவரி மாதம் எந்தக் காகிதமும் இல்லாமல் ஒரு பையன் வகுப்பு வாசலில் நிற்பான். ஒருவன் சோமாலியா, ஒருவன் துருக்கி, இன்னொருவன் யாழ்ப்பாணம். பின்னத்தைத் தமிழில் சொல்லிக்கொடுத்தால் அவன் பளிச்சென்று பிடித்துக்கொள்வான். ஆய்வாளர் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. ஆய்வாளர் வருகிறார் என்றால் மட்டும் தாழ்வாரத்துக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். வாசனையிலேயே தேதி தெரிந்துவிடும்.

கே: நடிகர் மைக்கேல் கெய்னும் ஹாக்னி டவுன்ஸ்தானாமே?
– வாசகர், சேலம்

ப: ஆமாம், ஏறக்குறைய ஒரு வருஷம். அப்புறம் வேறு பள்ளிக்கு மாறிவிட்டார்.

கே: லண்டனில் மகளிடம் போகிறேன். அந்தப் பள்ளியைப் பார்க்க முடியுமா?
– வாசகி, திருச்சி

ப: லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயிலேறி ஹாக்னி டவுன்ஸ் நிலையத்தில் இறங்குங்கள். பக்கத்திலேயே டவுன்ஸ் என்ற பெரிய புல்வெளி. இருப்புப்பாதைகளுக்கு இடையில் முக்கோண மனையில் இருப்பது மாஸ்போர்ன். பழைய கட்டடம் கிடையாது. வாசலில் நின்று பிள்ளைகளைப் படமெடுக்க மட்டும் வேண்டாம், கேள்வி கேட்க ஆள் வந்துவிடும்.