வேனை ஓட்டியவர் நண்பர், கையெழுத்து கேட்பவர் ஓனர்

கேள்வி: மதுரைப் பக்கம் ஒரு மெல்லிசை ட்ரூப்பில் பன்னிரண்டு வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். கோயில் திருவிழாக் கச்சேரி முடிந்து மே 11 விடியற்காலை திரும்பும்போது, எங்கள் வேன் சாலைத் தடுப்பில் ஏறிக் கவிழ்ந்தது. ஓட்டியவர் எங்கள் ரிதம் பேடு கலைஞர், கண் அசந்துவிட்டார். என் இடது கை மோதிர விரலும் சுண்டு விரலும் இன்னும் மடங்கவில்லை. 'அடையாளம் தெரியாத லாரி உரசிவிட்டுப் போய்விட்டது' என்று ட்ரூப் ஓனர் புகார் கொடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை வந்தார். அடுத்த வாரமே என் இடத்தில் வேறு பையனைப் போட்டுவிட்டார். பழைய கச்சேரிப் பாக்கி 38,000 ரூபாய் நிற்கிறது. இப்போது 60,000 தருகிறேன், பத்திரத்தில் கையெழுத்துப் போடு என்கிறார். இந்தத் துரோகத்துக்கு அவர் மேல் வழக்குப் போட முடியுமா?

பதில்: துரோகத்துக்கு வழக்கு கிடையாது. பார்க்க வராததும் வேறு ஆளைப் போட்டதும் மனசுக்கு வலிக்கும்தான், ஆனால் நீதிமன்றத்தில் அதற்கு மதிப்பில்லை. உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் எனக்கு வேண்டியது ஒரே வரிதான்: லாரி உரசியதாகக் கொடுத்த அந்தப் புகார்.

இடித்த வண்டி எதுவென்றே தெரியாத விபத்தில் பலத்த காயத்துக்கு அரசுத் திட்டப்படி கிடைப்பது 50,000 ரூபாய். மோட்டார் வாகனச் சட்டம் 164-வது பிரிவின் கீழ் யார் தவறு என்று நிரூபிக்காமலே கேட்டால் இரண்டரை லட்சம். 166-ன் கீழ் ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபித்தால் உச்சவரம்பே இல்லை. வருமானம், வயது, ஊனம் பார்த்துத் தீர்ப்பாயம் கணக்குப் போடும். உங்கள் விரல் எந்தக் கணக்கில் வரும் என்பதை அந்தப் புகார்தான் முடிவு செய்யப் போகிறது. 164-ல் தொகையை வாங்கிக்கொண்டால் 166 மனு அதோடு முடிந்துபோகும் என்பதையும் மறக்காதீர்கள்.

இப்படிப்பட்ட வழக்குகளில் என்னிடம் வருகிறவர்கள் விழும் குழி ஒன்றுதான். ஓட்டியவர் சிநேகிதராகவோ மச்சானாகவோ இருப்பார். 'நாய் குறுக்கே வந்தது', 'லாரி உரசியது' என்று எல்லாரும் கூடிப் பேசி எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து மருத்துவச் செலவு கழுத்தை நெரிக்கும்போது, தூங்கிவிட்டார் என்று சாட்சி சொல்ல வருவார்கள். காப்பீட்டு நிறுவன வக்கீல் எழுந்து, 'அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா?' என்று கேட்பார். எது சொன்னாலும் மாட்டிக்கொள்வார்கள்.

நீங்கள் போலீஸிடம் என்ன சொன்னீர்கள் என்று எழுதவில்லை. மயக்கத்தில் இருந்தேன், தெரியாது என்று சொல்லியிருந்தால் தப்பித்தீர்கள். குற்றப்பத்திரிகை போகுமுன் நடந்ததை நடந்தபடி எழுதி, இன்ஸ்பெக்டருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், எஸ்.பி.க்கும் ஒரு நகல். வேனில் இருந்த பாடகர்களில் ஒருவராவது உங்களோடு நிற்கிறாரா என்று பாருங்கள். லாரி உரசியது என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தால் கதை கடினம், முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். எஃப்.ஐ.ஆர். கடைசி வார்த்தை அல்ல. லாரியின் பெயின்ட் ஒரு கீறல்கூட வேனில் இல்லை என்று மோட்டார் வாகன ஆய்வாளர் எழுதியிருந்தால் அதுவே பேசும்.

நண்பர் ஜெயிலுக்குப் போவாரே என்று தயங்குகிறீர்கள். அவர் மேல் வருவது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகள்: கவனக்குறைவாக ஓட்டியது, அதனால் காயப்படுத்தியது. பெரும்பாலும் அபராதத்தோடு முடிகிற வழக்கு. இழப்பீட்டுப் பணம் அவர் பாக்கெட்டிலிருந்து வராது. பாலிசி உயிரோடு இருந்தால் காப்பீட்டு நிறுவனம் கட்டும்.

அங்கேதான் எனக்குச் சந்தேகம். ஓனர் லாரிக் கதை கட்டியது பேடு கலைஞர் மேலுள்ள பாசத்தால் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் முதலில் பாலிசியைத்தான் பார்ப்பேன். அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் காப்பீடு எந்தத் தேதி வரை என்று வந்துவிடும். அப்புறம் வெள்ளை போர்டா (சொந்த உபயோக வண்டி), மஞ்சள் போர்டா (வாடகை வண்டி) என்று பாருங்கள். வெள்ளை போர்டு வண்டிக்கு வெளியாட்களுக்கு ஏற்படும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் எடுத்திருந்தால், உள்ளே உட்கார்ந்து வந்தவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்காது. தீர்ப்பு ஓனர் மேல் மட்டும் வரும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரு மிக்ஸரும் வைத்திருப்பவரிடம் எட்டு லட்சத்துக்குத் தீர்ப்பு வாங்கி என்ன செய்வீர்கள்?

அப்படியானால் சமரசம் செய்துகொள்ளுங்கள், கூச்சமே வேண்டாம். ஆனால் 60,000-க்கு அல்ல, டீக்கடையில் வைத்து எழுதும் பத்திரத்திலும் அல்ல. மனுவைத் தாக்கல் செய்துவிட்டு மக்கள் நீதிமன்றத்தில் பேசுங்கள். அங்கே ஆகும் முடிவு தீர்ப்புக்குச் சமம். அதன் மேல் அப்பீல் இல்லை. பாலிசி சரியாக இருந்தால் அவர் நீட்டும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கெடு நவம்பர் 10. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த விதி. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு போனதைச் சொல்லி யாராவது உங்களைக் காத்திருக்கச் சொன்னால், கேட்காதீர்கள்.

விரல் விஷயம். மெடிக்கல் போர்டு பத்தோ பன்னிரண்டோ சதவீதம் என்று எழுதும். அது உடம்பின் ஊனம். பிழைப்பின் ஊனம் வேறு. ராஜ்குமார் – அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: இடது கை போனால் தச்சருக்கும் டிரைவருக்கும் கிட்டத்தட்ட முழு வருமானமும் போகும், குமாஸ்தாவுக்குப் போகாது. இடது கையில் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து அழுத்துவது) பிடிக்க முடியாத கீபோர்டு கலைஞரும் தச்சர் பக்கம்தான். சிகிச்சை தந்த டாக்டரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாமல் இது நடக்காது. வருமானத்துக்கு, கச்சேரி நோட்டீஸில் உங்கள் பெயர், ஓனரின் வாட்ஸ்அப் தேதிப் பட்டியல், ஜிபே வரவு எல்லாவற்றையும் சேகரியுங்கள். மாதம் ஒரு லட்சம் என்று அள்ளி விடாதீர்கள். ஒரு பொய் பிடிபட்டால் உண்மையையும் நம்ப மாட்டார்கள்.

வலது கையை மட்டும் வைத்து ஒரு வரவேற்பில் வாசித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை மறைக்காமல் மனுவிலேயே சொல்லுங்கள், என்ன வாசிக்க முடியவில்லை என்பதோடு சேர்த்து. அந்த வாசிப்பை முப்பது விநாடி ரீல்ஸாக எதிர்த்தரப்பு முதலில் காட்டினால், உங்கள் விரல் நன்றாகவே வேலை செய்கிறது என்றாகிவிடும்.

38,000 பாக்கிக்கு ஒவ்வொரு கச்சேரித் தேதியிலிருந்தும் மூன்று வருட அவகாசம் இருக்கிறது. ஒரு நோட்டீஸ் அனுப்பி வையுங்கள், போதும். சமரசப் பேச்சு வந்தால் அதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துக் கேளுங்கள்.