பெராக்சைடை டபுள் பண்ணேன், பிளாஸ்டிக் கஞ்சியா ஊத்துது!

கேள்வி: சார், பீன்யாவுல சின்னதா காம்பவுண்டிங் ஷெட் (பிளாஸ்டிக்கை உருக்கி மத்த சாமான் கலக்குற வேலை) வச்சிருக்கேன், ஒரே திருகு சுத்துற பழைய சிங்கிள் ஸ்க்ரூ மெஷின்தான். பாலிப்ராப்பிலீன்ல 20 சதவீதம் கிளாஸ் ஃபைபர் போட்டு கிரானுல்ஸ் ஓட்டுறோம், ஆனா ஃபைபர் பிடிக்கவே மாட்டேங்குது, பீஸை உடைச்சா இழை மொழுமொழுன்னு உருவிட்டு வருது. மலேயிக் அன்ஹைட்ரைடும் பெராக்சைடும் சேத்தா ஒட்டும்னு ஒருத்தர் சொன்னாரு. போட்டும் ஒட்டல, பெராக்சைடை டபுள் பண்ணோம், இப்ப மெஷின்ல இருந்து கம்பி மாதிரி வர்ற ஸ்ட்ராண்ட் இழுக்கவே வரல, கஞ்சியா ஊத்துது, ஷெட்ல எல்லாருக்கும் கண்ணு எரியுது. என்ன தப்பு?
- வாசகர், பெங்களூரு

பதில்: சொன்னவரு பாதியைத்தான் சொல்லியிருக்காரு. பெராக்சைடு பசை இல்லீங்க, கத்தரிக்கோல். சூட்டுல அது உடைஞ்சு பாலிப்ராப்பிலீன் சங்கிலில இருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும், அந்தக் காலி இடத்துல மலேயிக் போய் உக்காரணும், ஃபைபரைப் பிடிச்சுக்கிறது அதுதான், ஆனா இந்த பிளாஸ்டிக்ல பாருங்க, மலேயிக் வந்து சேர்றதுக்குள்ள சங்கிலியே அங்க பட்டுனு அறுந்துடும். நீங்க டபுள் போட்டது டபுள் வெட்டு, அதான் கஞ்சி. மாஸ்க் துணி செய்றவங்களுக்கு மெல்லிசா ஓடுற கிரேடு வேணும்னு வேணும்னே இப்படி வெட்டி விக்கிறவங்களும் உண்டு. இதே டோஸை பாலிஎத்திலீன்ல போட்டிருந்தா கதை தலைகீழ், சங்கிலிங்க ஒன்னோட ஒன்னு பின்னிக்கிட்டு ஜெல் கட்டி, பிளாஸ்டிக் வெளிய வர்ற வாயான டையே அடைச்சிருக்கும்.

வழக்கமா மலேயிக் 1 சதவீதம் வாக்குல, பெராக்சைடு 0.1 சதவீதம் வாக்குலதான். கொஞ்சம் ஸ்டைரீன் சேத்தா வெட்டு குறைஞ்சு ஒட்டுறது கூடும். கண்ணு எரியுறது சேராம மிஞ்சுன மலேயிக், சுமார் 200 டிகிரில கொதிச்சு ஆவியாகுற சாமான் அது, நுரையீரலுக்கும் ஆகாது. அதுக்குத்தான் ரெட்டைத் திருகு இருக்குற ட்வின் ஸ்க்ரூ மெஷின்ல, ஆவி போற வென்ட்ல வேக்யூம் பம்ப் மாட்டி உறிஞ்சுறாங்க. கலக்கலும் அதுலதான் சரியா வரும், ஃபைபரையும் இந்த ரசாயன வேலை எல்லாம் முடிஞ்ச பிறகு, திருகு சுத்துற குழாயான பேரல்ல பாதி தூரத்துல, பக்கவாட்டுல இருந்து தள்ளுற சைடு ஃபீடர்ல விடுவாங்க. நீங்க எல்லாத்தையும் ஒரே ஹாப்பர்ல கொட்டியிருப்பீங்க, சரிதானே?

என்னைக் கேட்டா உங்க மெஷின்ல இந்த ரசாயன வேலையே வேணாம். மலேயிக் ஏற்கனவே ஏத்துன பாலிப்ராப்பிலீன் கிரானுல்ஸ் ரெடிமேடா விக்குது, 2ல இருந்து 5 சதவீதம் சேத்து ஓட்டிப் பாருங்க, கிலோ விலை கண்ணை உறுத்தும்தான், ஆனா இப்ப வீணான பேட்ச் கணக்கையும் கூட்டிப் பாருங்க. வாங்குன சரக்குல நிஜமாவே மலேயிக் ஏறியிருக்கான்னு சந்தேகம் வந்தா மைசூர் சிப்பெட்ல (மத்திய அரசோட பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம்) அகச்சிவப்பு டெஸ்ட் எடுக்க முடியுமான்னு விசாரிங்க, அந்த கிராஃப்ல அலை எண் 1780 பக்கத்துல மேடு தெரியணும். மிச்சம் இருக்குற பெராக்சைடு டின்னை மட்டும் இன்னிக்கே ஹீட்டர் பக்கத்துல இருந்து நகத்திடுங்க.