பாசிட்டிவ் என்றால் பாதி சிகிச்சையா?

கேள்வி: என் மைத்துனருக்கு (வயது 52) டான்சிலில் புற்றுநோய். பயாப்ஸி தாளில் ‘பி16 பாசிட்டிவ்’ என்று இருக்கிறது. இது பாலுறவு வழியாகப் பரவும் ஹெச்.பி.வி. வைரஸால் வருவது, சுலபமாகக் குணமாகும், கீமோவே வேண்டாம் என்கிறார் நண்பர் ஒருவர். உறவினர்களோ அந்த வைரஸ் எப்படி வந்தது என்று அவரைக் குடைகிறார்கள். சிகிச்சையைக் குறைக்கும்படி மருத்துவரிடம் கேட்கலாமா? (25 ஆண்டுகளாகச் சிகரெட் பிடிப்பவர், இப்போது பாதியாகக் குறைத்துவிட்டார்.)
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: நண்பர் சொன்னதில் முன்பாதி ஏறக்குறைய சரி. பின்பாதியை நம்பினால் ஆள் தேறமாட்டார்.

2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், டான்சில், அடிநாக்குப் பகுதியில் புற்று வந்தவர்களுக்குக் கதிர்வீச்சும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, கட்டியில் வைரஸ் இருந்தவர்களில் 82.4 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். வைரஸ் இல்லாதவர்களில் 57.1 சதவீதம். புகையிலைப் புற்றில் பி53 என்ற, கெட்டுப்போன செல்லைச் சாகடிக்கும் காவல் மரபணுவே பெரும்பாலும் சிதைந்துபோயிருக்கும். வைரஸ் புற்றில் மரபணு முழுசாக இருக்கிறது. அது தயாரிக்கும் புரதத்தை மட்டும் வைரஸ் அழித்துக்கொண்டிருக்கிறது. கதிர்வீச்சுக்கு அந்தக் கட்டி சீக்கிரம் பணிவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

இது டான்சில், அடிநாக்கு சங்கதி. கன்னத்தில் புகையிலையை அடக்கி அடக்கி வரவழைத்துக்கொள்ளும் வாய்ப் புற்றில் இந்த வைரஸுக்குப் பெரிய பங்கு இல்லை. நம் ஊரில் அதுதான் அதிகம் என்பதால், இதைப் படிக்கும் மற்றவர்கள் தங்கள் வீட்டுத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டாம்.

சிகிச்சையைக் குறைக்கலாமே என்ற யோசனை உங்கள் நண்பருக்கு முன்பே மருத்துவர்களுக்கு வந்தது. நியாயமான காரணத்தோடுதான் வந்தது. ஏழு வாரக் கதிர்வீச்சு முடிந்தவரைச் சாப்பாட்டு நேரத்தில் பாருங்கள்: எச்சில் ஊறாது, ஒரு கவளத்துக்கு இரண்டு மிடறு தண்ணீர் வேண்டும், இட்லியைச் சாம்பாரில் கரைத்துத்தான் இறக்க முடியும். சிஸ்பிளாட்டின் காதையும் சிறுநீரகத்தையும் பதம்பார்க்கும். ஆகவே அதற்குப் பதில் செடுக்சிமாப் என்ற ‘மென்மையான’ மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2018-இல் இரண்டு ஆய்வுகளின் முடிவு வந்தது. ஒன்றில் ஐந்தாண்டு உயிர் பிழைத்தவர்கள்: சிஸ்பிளாட்டினில் 84.6 சதவீதம், செடுக்சிமாபில் 77.9. மற்றொன்றில் இரண்டே ஆண்டில் 97.5-க்கு 89.4. மொத்தத்தில் பக்கவிளைவாவது குறைந்ததா என்றால், அதுவும் இல்லை. தேர்ந்த நிபுணர்கள் கண்காணித்துக் குறைத்தபோதே கதை இப்படி. நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து குறைக்கப் பார்க்கிறீர்கள்.

இன்னொன்று. பி16 என்பது வைரஸ் அல்ல. வைரஸ் இருந்தால் செல்லில் பெருகும் ஒரு புரதம். புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது போலத்தான். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இரண்டும் ஒத்துப்போவதில்லை என்று 2023-இல் வெளியான பல நாட்டு ஆய்வு காட்டியது. பி16 இருந்து வைரஸ் இல்லாதவர்களில் ஐந்தாண்டு பிழைத்தவர்கள் 53.2 சதவீதம்தான், இரண்டும் இருந்தவர்களில் 81.1. மருத்துவரிடம் ஏதாவது கேட்டே ஆக வேண்டும் என்றால், வைரஸைத் தனியாகச் சோதிக்க முடியுமா என்று கேளுங்கள்.

உறவினர்களுக்கு: தாம்பத்திய வாழ்க்கை உள்ளவர்களில் பெரும்பாலோரை இந்த வைரஸ் எப்போதாவது ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் போகிறது. உடலே அதை விரட்டிவிடும். சிலரிடம் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றாகும். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த ஆய்வுக்கூடமும் சொல்லாது. குடைகிறவர்களின் தொண்டையிலும் ஒரு காலத்தில் அது குடியிருந்திருக்கலாம். சொல்லிப் பாருங்கள், அடுத்த முறை ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வாயையும் மூடிக்கொண்டு வருவார்கள்.

கடைசியாக, அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒளித்துவைத்த சிகரெட். முதலில் சொன்ன அதே 2010 ஆய்வில், வைரஸ் இருந்தும் நிறையப் புகைத்து, கழுத்தில் நெறிகட்டிகளும் கூடுதலாக இருந்தவர்கள் அடங்கிய நடுத்தர ஆபத்துப் பிரிவில் மூன்றாண்டு பிழைத்தவர்கள் 70.8 சதவீதம். வைரஸ் இருந்த மற்றவர்களில் அது 93. கீமோவைக் குறைக்கலாமா என்று கேட்க இவ்வளவு தூரம் எழுதியிருக்கிறீர்கள். மிச்சமிருக்கும் பாதி சிகரெட்டை அவர் எப்போது நிறுத்தப்போகிறார்?